ஒன்றும் கேட்காத செடி

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம்
அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக் கல்லறை பெயர் உதிர்ந்தது,
யாரும் வராதது.
அதன் வெடிப்பிலிருந்து முழங்கால் உயரம் எழுந்து
பூத்து நின்றது நித்தியகல்யாணி.
காய்ந்த நெற்றை விரலால் நெருடினேன்.
கடுகைவிடச் சின்னதாய், கறுப்பாய்
சுண்ணாம்புக் கையில் பதினேழு விதை.
தீப்பெட்டியைக் காலி செய்து போட்டுக்கொண்டேன்.
இது திருட்டில் சேருமா என்று யோசித்தேன்.
யோசித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செசிலியாள் குவைத் போய் அது பதினான்காம் மாதம்.
மூன்று ரோஜாத் தொட்டியை
என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள்.
ஒன்று உப்புக் காற்றில் போனது.
ஒன்று என்னால் போனது.
மூன்றாவதை ஆடு.
"எதையும் கேக்காத செடி ஏதாச்சும் வையி,
ஒன்ன மாதிரி ஆளுக்கு" என்றாள் போனில்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.
மூக்கையூரில் டவர் ஒரு கோட்டில்தான் நிற்கும்.

படகுகளுக்கு டீசல் அடிக்கிறவன் நான்.
லிட்டர், டோக்கன், பாக்கி:
கைக்குத் தெரிந்த அளவெல்லாம் அவ்வளவுதான்.
காதர் பாத்து வீட்டு ஆட்டுப்புழுக்கையும்
கரை மணலும் பாதிப்பாதி கலந்து
பெயின்ட் வாளியில் பத்து விதை தூவினேன்.
வெயில் பட்டால்தானே எதுவும் வளரும் என்று
நடு முற்றத்தில் வைத்தேன்.
லாரியில் வாங்கிய குடத்துத் தண்ணீரை
டம்ளரால் அளந்து ஊற்றினேன்.
காலையில் பார்த்தேன். மத்தியானம் பார்த்தேன்.
பம்பைப் பூட்டிவிட்டு வந்து
டார்ச் அடித்தும் பார்த்தேன்.
இருபது நாள்.
ஒரு பாசிகூடப் படியவில்லை.

மிச்சம் ஏழு விதையை
உடைந்த தெர்மக்கோல் மீன்பெட்டியில் போட்டு
மண்ணைத் தள்ளி, எலிக்குப் பயந்து
மூடியையும் அமுக்கினேன்.
அன்றைக்கு ராத்திரி மூன்றாம் நம்பர் கூண்டு.
படகை இழுக்க, கயிற்றைக் கட்ட என்று ஓடியதில்
பெட்டி மறந்தே போனது.

பன்னிரண்டாம் நாள்
இறால் வைக்கப் பெட்டி தேடி, மூடியைத் திறந்தால்
ஐந்து.
வெளிறிய தண்டில் இரண்டிரண்டு இலை.
இருட்டுத்தான் வேண்டும் என்று
சொல்ல வாயில்லாமல் கிடந்து முளைத்திருந்தது.
நான் டார்ச் அடித்துப் பார்த்த
அந்தப் பத்தை நினைத்தேன்.
யாரையாவது இப்படித்தான்
பார்த்துப் பார்த்தே
வேண்டாம், விடு.

தை பிறந்து வாசலில் நட்டேன், கிளிஞ்சல் மண்ணில்.
மாசிக்குப் பிறகு தண்ணீர் ஊற்றவில்லை.
காதர் பாத்துவின் ஆடு வந்தது.
ஒரு இலையைக் கடித்தது.
என்னை ஒரு பார்வை பார்த்தது.
துப்பிவிட்டுப் போனது.
அப்புறம் தடைக்காலம்.
படகு இல்லை, டீசல் இல்லை, சம்பளம் பாதி.
அத்தனை நாளும், கடன்காரன் வந்த நாளிலும்
பூத்தது.
நான்கு ரோஸ்.
ஒன்று மட்டும் வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினேன்.
"அட பாவி மனுசா,
சுடுகாட்டுப் பூவையா வாசல்ல வச்சிருக்கே!"
நித்தியகல்யாணிடீ, என்றேன்.
"எந்தப் பேரச் சொன்னாலும் அதான் இது."
படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி அவள்,
பின்னால் யாரோ வீட்டு டைல்ஸ்.
குரல் மட்டும் கொஞ்சம் கழித்து வந்தது:
"அந்த வெள்ளையில காய் விட்டா
பச்சையில பறிச்சிராத.
மஞ்சளாகட்டும். வெடிக்கிறதுக்கு
முந்தின நாளு எடுத்து வையி."
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
டவர் போயிருந்தது.

வெள்ளைச் செடியில் இப்போது மூன்று காய்.
இன்னும் பச்சைதான்.
டீசல் பங்கில் சட்டைப் பையில்
தீப்பெட்டி வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று
சூப்பர்வைசர் லியோன் கத்துகிறார்.
திறந்து காட்டுகிறேன்.
காலி.